கல்மீன் வந்த கூடை

கல்லுக்குள் மீன் தேடிய முதல் ஆள் இந்த ஊரில் என் அக்காதான். ஊருக்கு அவள் கல்லக்கா. கல்குவாரியில் பொறுக்கி வரும் பாறைத் துண்டில் மீனின் அச்சு இருந்தால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கல்மீன். அதன் முள்ளையும் சந்தை மீனின் முள்ளையும் ஒப்பிடுவதுதான் அவளுக்கு வேலை. ஆனால் முதலில் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள்.

"கண்ணு அவசரப்பட்டு பேர் வச்சிடும்டி. விரலுக்குப் பொறுமை உண்டு" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று காலை மீன்காரர் ஈரச்சாக்கு மூடிய கூடையை வாசலில் வைத்தார். "அக்காவுக்குக் கல்மீன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். நானும் அதை அவள் மேசையில் வைத்து, "கல்மீன் வந்திருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன்.

சந்தையில் மீன்காரர் கேட்டார். "அக்கா பாத்தாங்களா? விசித்திரமா எது மாட்டினாலும் குடுங்கன்னாங்க. கை மட்டும் வைக்க வேணாம்னு சொல்லும்மா. முதுகு முள்ளுல விஷம், குத்துச்சுன்னா ஆளே காலி."

"உசிரோடவா இருக்கு?"

"பின்னே? தண்ணியில்லாமலே மணிக்கணக்கா கெடக்கும். பாக்கத்தான் கல்லு. கடல்ல அதுக்குப் பேரே கல்மீன்தான்."

பையைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. வழி முழுக்க என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேன்.

அறைக் கதவைத் தள்ளினேன். அக்கா மேசை முன் நின்றாள். கண் மூடியிருந்தது. வலது கை மணிக்கட்டுவரை சாக்குக்கு அடியில் இருந்தது.

"அசையாதக்கா."

"அசையலடி." அது அவள் குரல் மாதிரியே இல்லை. "கல்லு மூச்சு விடுது. கண்ணைத் தொறக்க பயமா இருக்கு. நீ பாத்து சொல்லு."

சாக்கின் நுனியைத் தூக்கினேன். சொரசொரப்பான முதுகு. முட்கள் விறைத்து நின்றன. அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவே ஒன்று.

"நேரா மேல எடு. சாய்க்காத. மெல்ல."

எடுத்தாள். அந்தக் கையைப் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவளை நன்றாகத் திட்டினேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா செத்ததையே தடவிட்டு இருந்திருக்கேன்" என்றாள். "கைக்கடியில அது எப்படித் துடிச்சுது தெரியுமா? என்னைவிட அதுக்குத்தான்டி பயம். கொண்டுபோய்க் கடல்ல விட்டுடலாம்."

சரி என்றேன். கூடையைத் தொட எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.