கொழுந்தன் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அருப்புக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் முன்மேசைப் பெண்ணிடம் ராமலட்சுமி மூன்றாவது தடவையாக அதே கதையைச் சொன்னாள். போன வருஷம் இங்கேதான் அவள் புருஷன் கோட்டைச்சாமிக்கு ஊசி போட்டார்கள். போட்ட ஐந்தாவது நிமிஷம் முகம் வீங்கி மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு. எந்த ஊசி என்று பெரிய டாக்டருக்குத்தான் தெரியும். பெரிய டாக்டர் ஞாயிறு வரமாட்டார், போனையும் அணைத்துவிடுவார். ஊசியின் பேரை எழுதிக்கொடுத்த சீட்டை அவளே சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துத் தொலைத்திருந்தாள். அந்த வயிற்றெரிச்சல் வேறு.

உள்ளே இப்போது கோட்டைச்சாமி படுத்திருந்த கட்டில் அவர் நடுக்கத்தில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. கருவேல முள் ஏறிய கால் முழங்கால்வரை சிவந்துவிட்டது, குளிர்காய்ச்சல் வேறு. ஞாயிறு டாக்டர் மதன்குமார் சின்ன வயசு, நல்ல மாதிரிதான். ஆனால் கையைப் பிசைந்தார்.

"கிருமி ரத்தத்துல ஏறிருச்சும்மா. மருந்து உடனே ஏத்தணும். எது ஒத்துக்கலைன்னு தெரியாம ஏத்துனா அதுவே ஆளைக் கொன்னுரும்."

விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதாம். பெரிய டாக்டர் தவிர வேறொருவர் திறக்க வேண்டுமானால், நோயாளி கொடுத்த நம்பருக்கு வரும் ஆறு எண்ணைச் சொல்ல வேண்டுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று ராமலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடக் கொடுமை, அந்த நம்பர் கொழுந்தன் தவசியுடையது. கோட்டைச்சாமியிடம் அப்போது போன் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடிவந்த தம்பி தன் நம்பரைக் கொடுத்திருந்தான். அதன்பிறகுதான் பங்குக் கிணற்றில் மோட்டார் போடும் முறை யாருக்கு என்று சண்டை வந்து, அண்ணன் செத்தால் கேதத்துக்குக்கூட வரமாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டுப் போனான். ராமலட்சுமியும் சும்மா இருக்கவில்லை, அவன் பிள்ளைகளை இழுத்துப் பேசிவிட்டாள். எட்டு மாசமாகப் பேச்சு இல்லை.

தவசி பேரைக் கேட்டதும் கோட்டைச்சாமி நடுக்கத்தோடே தலையைத் தூக்கினார். "அவனைக் கூப்புடாத. செத்தாலும் பரவால்ல."

"நீங்க செத்துருவீக. தாலியறுத்து நிக்கிறது யாரு?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அவன் நம்பரை அழிக்க வேண்டுமென்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அழிக்கத் தெரியாமல் விட்டது இப்போது உதவியது. மதன்குமார் திரையில் அழுத்தி எண்ணை அனுப்பினார், அவள் கூப்பிட்டாள். போனுக்கு வந்த நம்பரை மட்டும் சொல்லு என்றதும் தவசி பிடிகொடுக்கவில்லை. யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று பேங்கில் சொல்லியிருக்கிறார்களாம். எதில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். நர்ஸின் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தாள். ஐந்து எண் ஆனதும் நிறுத்தினான்.

"இது எதுக்கு மதினி?"

"ஒங்க அண்ணனுக்குத்தான். போன வருசம் மாதிரியே ஆஸ்பத்திரில கெடக்காக."

அந்தப் பக்கம் வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா வாரேன் மதினி."

போன் அறுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அறுந்தது. மறுபடி போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்திருப்பான். ஊரிலிருந்து நரிக்குடி தாண்டி அவன் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். பாவிப்பயலே, வராமல் இருந்திருந்தால் மிச்ச ஒரு எண்ணையும் சொல்லியிருப்பாயே என்று அவள் போனைத் திட்டினாள்.

நேரம் முடிந்துவிட்டது என்றது திரை. மதன்குமார் புது எண் கேட்டு மறுபடி அழுத்தினார். அதுவும் ஓடுகிற வண்டியில் அவன் சட்டைப் பைக்குள்தான் போய் விழுந்திருக்கும். ராமலட்சுமி உள்ளங்கையிலிருந்த பழைய ஐந்து எண்ணையும் சேலையில் அழுத்தித் துடைத்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்து, மணி அடிப்பதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.