போடியார் முதுகில் டாங்கி

பூச்சிமருந்து டாங்கியைத் தூக்கி வினாயகமூர்த்திப் போடியாரின் முதுகில் மாட்டியபோது, சாமித்தம்பிக்கு மாப்பிள்ளைத் தோழனின் குதூகலம் வந்தது. போடியாரின் தொந்தி மட்டும் இடையில் நின்று தகராறு பண்ணியது. அதையும் சமாளித்து, டாங்கியின் அடிக்கசிவு இடுப்புக்குக் கீழே பிசகாமல் இறங்கும்படி வாரைத் தாழ்த்திக் கட்டினான்.

ஒரு ரப்பர் வாசர் மாற்றினால் நின்றுவிடும் கசிவுதான். அதே டாங்கியைச் சுமந்து, அதே போடியாரின் ஏக்கர்க் கணக்கான வயல் வட்டையில் போகம் போகமாக மருந்தடித்தவன் அவன். கட்டியிருக்கிற சாறன் நனையுது என்று முறையிட்டபோது, “வேர்வையெண்டு நினைச்சிக்க” என்றார் போடியார். மருந்தைக் கம்பால் கலக்கக்கூடாது, முழங்கை வரை விட்டுக் கலக்கினால்தான் அதற்கு ரோசம் வரும் என்பதும் அவர் போட்ட சட்டம். ஊரே அதை நம்பியது. எல்லாரையும்விட அதிகமாக நம்பியவன் சாமித்தம்பி. தன்னைக் கடிக்கிற நுளம்பு அந்த இடத்திலேயே செத்து விழும் என்று பெருமையடித்து, கலியாணமான புதிதில் யசோதினியைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

வருசங்கள் போக அவள் சிரிப்பதை விட்டாள். ஊர்ப் பெண்கள் வயிறும் பிள்ளையுமாக இருக்கிற வீடுகளின் நல்ல காரியங்களுக்கு அவளுக்கு அழைப்பு வருவதில்லை. கோயில் அன்னதானப் பந்தியில் போடியார் ஒருநாள் உரத்துச் சொன்னார்: “சாமித்தம்பி அடிச்சா ஒண்டும் மிஞ்சாது. வீட்டுலயும் அடிச்சிப்போட்டான் போல.” பந்தியே சிரித்தது. தன்னைப் பற்றிய பகிடிக்குத் தானே முதலில் சிரித்துப் பழகியவன் அன்றும் சிரித்தான். பெண்கள் பந்தியில் யசோதினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

போன மாதம் பட்டணத்து டொக்டர் குறை அவனில்தான் என்றார். என்ன தொழில் என்று கேட்டார். சாமித்தம்பி நுளம்புக் கதையை எடுத்துவிட்டான். டொக்டர் சிரிக்கவில்லை. அந்த மருந்துகள் ஆணின் விந்தைக் கெடுக்கக்கூடும், தோலால் இறங்கியே கெடுக்கும், உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கிற ஊர். அவளுடைய வீட்டில் அவள் ஆக்கிய சோற்றைத் தின்றுகொண்டு, மலடிப் பட்டத்தையும் அவள் தலையிலேயே வைத்திருந்திருக்கிறான். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“போடியாருக்குத் தெரியுமா?”

மருந்தடிக்கிற நாட்களில் போடியார் எப்போதும் காற்றுக்கு மேல்பக்கத்து வரம்பில், லேஞ்சித் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். அது அவன் கண்முன் வந்தது. “தெரியும்” என்றான்.

காலமும் தோதாக வந்தது. யுத்தம் முடிந்த கையோடு கூலிக்காரர் றோட்டு வேலைக்கும் கட்டாருக்கும் போய்விட்டார்கள். வட்டையில் பூச்சி விழுந்து பயிர் கருகியது. சாமித்தம்பிக்கு நாரி பிடித்துக்கொண்டது. கூப்பிட வந்த போடியாரிடம் நோகாத இடுப்பைத் தடவியபடி, டாங்கியை மாட்டித் தாறன், பழக்கியும் விடுறன், போடியாரே அடியுங்க என்றான்.

“கம்பு ஒண்டும் இல்லையாடா?” வாளியைப் பார்த்துப் போடியார் தயங்கினார்.

“கை விட்டாத்தானே போடியார் ரோசம் வரும். நீங்க சொன்னது.”

பக்கத்து வரம்பில் ஆட்கள் நின்றார்கள். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? போடியார் முழங்கை வரை விட்டுக் கலக்கினார்.

பிறகு வயலில் இறங்கினார். வெள்ளைச் சாறனின் பின்பக்கம் மெல்ல மஞ்சளாகியது. சாமித்தம்பி காற்றுக்கு மேல்பக்கம் போய் வசதியாக நின்றுகொண்டான்.

“டேய் சாமி, கீழ நனையுதுடா.”

“வேர்வையெண்டு நினைச்சிக்கோங்க.”

எத்தனையோ நாள் நாக்கில் வைத்து ஊறப்போட்ட வார்த்தை. கற்கண்டாக இனித்தது.

போடியார் கோபிக்கவில்லை. தான் சொன்னதென்றே அவருக்கு ஞாபகமில்லை. கடலோரக் கல்லாற்றில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சுனாமிக்குக் கொடுத்துவிட்டு, போன வருசம் மறுபடி கலியாணம் முடித்தவர். நடு வயலில் நின்று மூச்சு வாங்கினார்.

“மறுகா ஒரு பெட்டைப்புள்ள பிறந்தா, இந்த வட்டை அவளுக்குத்தான் சாமி. மூத்தவள்ர பேரைத்தான் வைக்கணும்.”

கடலோடு போன அந்த மூத்தவள் சாமித்தம்பியை மருந்து மாமா என்று கூப்பிடுவாள். கண்ட இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே கூப்பிடுவாள்.

போடியார் திரும்பி நடந்தார். டாங்கியின் கைபிடி கிறீச்சிட்டு ஏறி இறங்கியது. டாங்கியைக் கழற்றப் போவதுபோல் சாமித்தம்பியின் ஒரு கால் சேற்றில் இறங்கியிருந்தது. மற்றது வரம்பைவிட்டு வரவில்லை. மருந்துப் புகைக்கு விலகி எழும்பிய கொக்குகள், நட்டு வைத்த கம்பென்று நினைத்தனவோ என்னவோ, ஒவ்வொன்றாக அவனைச் சுற்றி வந்து இறங்கின.