ஒரே ஐடியில் இரண்டு பேர்

காலையில் ஆட்கள் கம்பெனி வாசலில் கூடி நிற்கும்போதே மேனேஜர் கண்ணுச்சாமி அதைச் சொல்லிவிட்டார். போர்மேன் வேலைக்காகக் கம்ப்யூட்டரில் பாடம் படித்தவர்களில் முனியராஜ்தான் முதல் மார்க். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைத்துரை அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். “ஏலே, அம்புட்டு மூளையையும் எங்கன ஒளிச்சு வச்சிருந்த?” முனியராஜ் சிரித்துவைத்தான். வயிறு எரிந்தது. அவர்கள் கைதட்டிய முனியராஜ் இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டி மாரிசெல்வி.

2008 தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி மறுபடி திறந்ததும் வந்த ஏற்பாடு இது. மதுரையில் ஒரு பயிற்சிக் கம்பெனி பாதுகாப்புப் பாடங்களை இன்டர்நெட்டில் போட்டிருந்தது. ஆளுக்கொரு ஐடி, ஒரு பாஸ்வேர்டு. முனியராஜ் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். இத்தனை வருஷம் பட்டாசு மருந்து கலக்கிய கைக்கு அந்த மௌஸ் அடங்கவே இல்லை. ப்ளஸ் டூ படித்த மாரிசெல்வியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனான். அவள் படித்துச் சொல்ல, அவன் அமுக்குவதாகத்தான் பேச்சு. கொஞ்ச நாளில் அவளே அமுக்கினாள், அவன் டீ குடிக்கப் போனான். அப்புறம் அவன் வேலைக்குப் போன நேரத்தில் அவள் தனியாகவே போய்வர ஆரம்பித்தாள். பரீட்சையையும் அவளே எழுதினாள்.

எழுதி முடித்த பிறகும் அவள் போவது நிற்கவில்லை. சென்டர்க்காரன் பிரபாகரன் அவளை ‘மேடம்’ என்று கூப்பிடுவதை முனியராஜ் ஒருநாள் தன் காதால் கேட்டான். அவளை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவனையும் யாரும் ‘சார்’ என்றதில்லை. இதில் எது கூடுதலாக எரிகிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை. போதாக்குறைக்கு, சோற்றைப் போட்டுவிட்டு அவள் கேள்வி வேறு கேட்டாள்.

“மாமா, ஒங்க ரூமுல பின்கதவு தெறந்து கெடக்குமா?”

“எனக்கே பாடம் எடுக்கியா? ஒருநா மருந்து ரூமு வாசல மிதிச்சிருக்கியா நீ?”

“கேட்டேன். அம்புட்டுத்தேன்.”

“பரீட்சதேன் முடிஞ்சிருச்சே. இன்னும் என்னத்துக்கு அங்கன போற?”

“சும்மாதேன்” என்று ரசத்தை ஊற்றினாள்.

அந்தச் சும்மா அவனைத் தூங்கவிடவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தான். எப்படி மாற்றுவது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கைதட்டு வாங்கிய அன்று மத்தியானமே ஆபீசிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். மதுரைப் பயிற்சிக் கம்பெனியிலிருந்து வந்த எழில் என்ற பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஐடியில ரெண்டு பேரு இருக்காங்க.”

அவன் லேப்டாப்பின் முதுகையே பார்த்தான்.

“இந்த ஆபீஸ்ல இருந்து வர்ற ஆளு எதையும் படிக்கிறதில்ல, பக்கத்தத் தள்ளிக்கிட்டே போறாரு. சாத்தூர்ல இருந்து வர்ற ஆளு ஒவ்வொரு பக்கமா நின்னு நிதானமாப் படிக்கிறாங்க. பரீட்சை எழுதுனதும் அவங்கதான். சர்டிபிகேட்ட எழுதுனவங்க பேருலதான் தரணும். அது ஒரு லேடியா இருந்தா, லேடி சூப்பர்வைசருக்கும் ஆள் தேடுறாங்க, அதான் கேக்குறேன். இதுல நீங்க யாரு?”

மாரிசெல்வி இந்தக் கம்பெனி வாசலில் நிற்பதும் வெள்ளைத்துரை அவளுக்குக் கைதட்டுவதும் அவன் கண்முன் வந்தது. அவள் மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்காருவாள். அவன் மருந்துத் தூசியோடு வெளியே நிற்பான்.

“ரெண்டும் நாந்தேன்” என்றான்.

“சரிண்ணே. அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பாஸ் பண்ணின பெறகும் வந்து வந்து ஒரே பக்கத்தத் தெறந்து பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அதுல என்ன?”

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். மருந்து கலக்கும் அறையின் படம். ஒருவன் குனிந்து வேலை செய்கிறான். அவனுக்குப் பின்னால், தீப்பிடித்தால் தப்பி ஓடவேண்டிய கதவில் சாக்குகள் சாய்ந்திருக்கின்றன. அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. முனியராஜும் சாக்குகளை அப்படித்தான் அடுக்கியிருந்தான். பின்கதவு வழியாக வரும் காற்றுக்கு அலுமினியப் பவுடர் முகத்தில் பறக்கிறது என்று செய்தது. தன் கெட்டிக்காரத்தனமாக அதை மாரிசெல்வியிடம் அளந்தும் இருந்தான்.

பொறாமை அப்போதும் போகவில்லை. பக்கத்தில் படுக்கிறவளின் பயம் அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மதுரையில் இருக்கும் இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பெட்டிக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அந்தப் பக்கத்தப் பாத்தது நானில்லம்மா.”

“அப்ப யாருண்ணே?”

“இந்தா வாரேன்” என்று எழுந்தான்.

மருந்து ரூமில் ஆள் இல்லை. சாக்குகளைத் தரையில் இழுபடாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டான். பின்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. துருவேறி இறுகிக் கிடந்தது. இன்னொரு கையையும் சேர்த்து இழுத்தான். உள்ளங்கையெல்லாம் செம்மண் நிறத்தில் துரு அப்பியதே தவிர, கதவு அப்படியே நின்றது.