ஐந்து வயதுத் துணை

"அந்தப் பொத்தானைப் போட்டு உடு புள்ள! எட்டரை ஆச்சு, எப்பப் போயிச் சேருவ?" காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுவேல் வாசலில் நின்று அதட்டினார்.

"அவனே போடட்டுங்க. டீச்சரம்மா அப்படித்தான் பழக்கச் சொன்னாங்க," என்றாள் அவர் மனைவி பாவாயி.

மகன் குமரேசன் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தன் கால்சட்டையைக் காப்பாற்றத் தெரியாத இந்த ஐந்து வயது மகராசன்தான் இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்குக் காவல்! ரைட்டர் வீட்டுப் பெண் ஆண்துணை இல்லாமல் ரோட்டில் கால் வைக்கக் கூடாது. காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் கரடியூர் வரை தனியாக நடந்து போய் வந்தார்கள். அவர்களைப் போல இல்லை என்று காட்டிக்கொள்வதில்தான் பொன்னுவேலின் கௌரவமே இருந்தது.

பையனைப் பால்வாடியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பவும் கூடாதாகையால், மதியம் வரை அவள் அங்கேயே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள். அது தண்டனை என்று அவர் நினைத்தார். அவளுக்கோ அதுதான் உயிர். போகிற வருகிற பெண்களோடு சிரிப்பாள். ஜன்னல் வழியே கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து அரிச்சுவடியில் பாதி படித்துவிட்டாள்.

ஒருநாள் ஹலீமா டீச்சர் வெளியே வந்தார்.

"பாவாயி, நீங்க கண்ணு முன்னால இருந்தா அவன் எதையும் தானாச் செய்யறதில்லீங்க. தனியா அனுப்புங்க. வீட்டுலருந்து ரெண்டு வளைவுதானுங்களே?"

நான்கு நாள் அதை வீட்டில் சொல்லவில்லை. பிள்ளை தனியாக நடக்கப் பழகினால் தன் கால் கட்டப்படும் என்று அவளுக்குத் தெரியும். தன் சுகத்துக்காகப் பிள்ளையைக் குழந்தையாகவே வைத்திருப்பதா? வெட்கமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை கேட்டுக்கு வெளியே அவனை நிறுத்தினாள்.

"திரும்பிப் பாக்காமப் போ கண்ணு. வளைவு வரைக்கும் அம்மா பாத்துட்டே இருக்கேன்."

போனான். மதியம் தானாகவே வந்தும் சேர்ந்தான்.

"சிங்கக்குட்டி!" என்று மகனைத் தூக்கிக் கொண்டாடினார் பொன்னுவேல். பிறகு மனைவியைப் பார்த்தார். "இனி உனக்கு ரோட்டுல என்ன சோலி?"

அதோடு கேட் சாத்தப்பட்டது. ஒரு மாதமாக மஞ்சக்குட்டை பஸ்ஸின் சத்தம் மட்டுந்தான் அவளைத் தேடி உள்ளே வந்தது. படித்த எழுத்துகளை மறந்துவிடாமல் அடுப்புக்கரியால் சுவரில் எழுதுவாள். அவர் வருமுன் அழித்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னுவேல் காப்பி கேட்டார். வீட்டில் தீப்பெட்டி தீர்ந்திருந்தது.

"கடைக்குப் போயிட்டு வந்துடறனுங்க."

"பையனத் தொணைக்குக் கூட்டிட்டுப் போ," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் வல்லீப்பா," என்றான் குமரேசன். "அம்மாவும் தனியாப் போயிப் பழகட்டும்."

ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"திரும்பிப் பாக்காமப் போம்மா. வளைவு வரைக்கும் நான் பாத்துட்டே இருக்கேன்."

புருஷன் தராத அனுமதியை, நேற்றுப் பொத்தான் போடப் பழகிய ஓர் ஆண்பிள்ளை தந்தான். அதையாவது வாங்கிக்கொள்வோம் என்று பாவாயி ரோட்டில் இறங்கினாள்.

"பாவாயி! ஏய், நில்லு புள்ள!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடை முதல் வளைவிலேயே இருந்தது. பாவாயி இரண்டாவது வளைவையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.