இருபது கிலோவுக்கு மேல்

குளிர்பெட்டி மாடிப்படியில் திரும்ப மறுத்தது. முன்னால் பிடித்திருந்த இருவர் சுவரோடு நசுங்கி நின்றார்கள். பின்னால் பிடித்திருந்தவர்கள், பெட்டி காலியாக இருப்பதை மறந்துபோய், "பாத்துங்க, பாத்துங்க, அவருக்கு அடிபட்டுரும்" என்று பதறினார்கள்.

"பொட்டியக் கீழயே வெச்சுட்டு அவரக் கொண்டாங்கப்பா" என்றான் மகன் ரவிதேஜா, காதிலிருந்து போனை எடுக்காமல்.

அப்படியாக, விடிந்ததும் பட்டறை நாற்காலியிலிருந்து மாடிக்குத் தூக்கிப் போகப்பட்ட சீனிவாசலு, டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிய பிறகு, மறுபடி பட்டறைக்கே இறக்கப்பட்டார். உயிரோடு இருந்திருந்தால் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டுமே தண்டம் என்று சொல்லியிருப்பார்.

மகள் லாஸ்யா தராசுகளை ஓரம் தள்ளி இடம் செய்தாள். கணபதிப் பகுதியில் அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கீழே ஏதாவது ஒரு பட்டறை இருக்கும். இவர்கள் வீட்டுக்குக் கீழே எலக்ட்ரானிக் தராசு. நாற்காலிக்கு எதிரே கிடந்த பெரிய தராசை மட்டும் அவள் தொடவில்லை. அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா நேற்று பல்லடத்திலிருந்து டெம்போவில் போட்டுக் கொண்டுவந்தது. பேட்டரி இருந்ததால் அதன் சிவப்பு எண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. மனிதர் அணைந்ததையே காபி கொண்டுவந்த அம்மா பார்த்துத்தான் தெரிந்தது. தராசை யார் அணைப்பார்கள்?

மாலைகள் வரத் தொடங்கின. பெட்டியின் மேல் இடம் போதாமல் போனதும் யாரோ பழைய மாலைகளை எடுத்து அந்தத் தராசின் தட்டில் போட்டார்கள். எண்கள் ஏறின. லாஸ்யா பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் காரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீனிவாசலு பேரம் பேசாத பொருள் கிடையாது. கீரைக்கட்டுக்குப் பேசுவார். கோவிலில் அர்ச்சனைச் சீட்டுக்கும் பேசிப் பார்த்திருக்கிறார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போனதும் அவர் பேசிய பேச்சினால்தான். அதற்காக லாஸ்யா இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருந்தாள். ஆனால் விலையில் எத்தனை வேண்டுமானாலும் இழுக்கிறவர், எடையில் ஒரு கிராம்கூட ஏறவோ இறங்கவோ விடமாட்டார். "வெலை வாயில இருக்குது, பேசலாம். எடை வாயிலயா இருக்குது?" என்பார். அவரிடம் இருந்த ஒரே தத்துவம் அது. அதையும் கடன் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லி வீணாக்கினார்.

நேற்று மத்தியானம் சரவணம்பட்டியில் அவள் ஆபீசில் இருந்தபோது போன் செய்தார்.

"ஏங் கண்ணு, ஒரு சந்தேகம். பல்லடத்துல ஒரு கோழிக் கொட்டாயில நிக்கறேன். நம்ம தராசுதான். இருபது கிலோ வரைக்கும் யோக்கியனாட்ட நிக்குது. அதுக்கு மேல போச்சுன்னா களவாணி ஆயிருது. கொறச்சுக் காட்டுது. மெஷினுக்கு இப்புடி ஒரு வியாதி வருமா?"

"மெஷினுக்கு வராது நைனா. யாராவது எழுதியிருந்தாத்தான் வரும்."

பின்னணியில் கோழிகளின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

"செரி, நீ வேலயப் பாரு" என்றார் கடைசியில்.

அவளோடு அவர் பேசியது அதுதான் கடைசி.

அந்தத் தராசுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது அண்ணன் ரவிதேஜா. அவன் விசிட்டிங் கார்டில் 'டெக்னாலஜி டைரக்டர்' என்று போட்டிருக்கும். டைரக்ட் செய்ய அங்கே இருந்தது ஒரு பிரிண்டர். எழுதியதை ஒழுங்காகச் சேமித்துவைக்க கிட் என்ற ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள் லாஸ்யா. எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று அது பெயரோடு வைத்திருக்கும். நேற்று ஆபீசிலிருந்தே திறந்து பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. எடை இருபதைத் தாண்டினால் நூற்றுக்கு மூன்று குறை என்று எழுதியிருந்தது. எடையளவு அதிகாரிகள் தராசைச் சோதித்து முத்திரை போட வரும்போது இருபது கிலோ இரும்புக்கல்லுக்கு மேல் தூக்கிவர மாட்டார்கள். அரசாங்கத்தின் முதுகுவலி வரைக்கும் கணக்குப் போட்டிருந்தான். அந்தப் பகுதிக்கு அவன் வைத்த பெயர் 'கழிவு'. மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தெலுங்கு: நைனாக்கு தெலியகூடது.

நைனாவுக்குத் தெரியக்கூடாது.

இது அந்த வீட்டுப் பழக்கம். தெருவில் தமிழ்தான், வீட்டிலும் பாதித் தமிழ்தான். கடையில் வாடிக்கைக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குத் தெரியக்கூடாததை மட்டும் தெலுங்கில் சொல்லிக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்து வாயில் ஊறியது, கையிலும் ஊறிவிட்டது. மறைக்கவேண்டியது என்றதும் விரல் தானாகத் தெலுங்குக்குப் போயிருக்கிறது.

ஹாஸ்டலிலிருந்து காலையில் வந்து அண்ணனிடம் கேட்கலாம் என்று இருந்தாள். காலையில் அம்மாவின் போன் முந்திக்கொண்டது.

பதினோரு மணிவாக்கில் குழந்தைவேலு வந்தார். குஞ்சும் தீவனமும் கொடுத்து, விவசாயிகளின் கொட்டகையில் கோழி வளர்க்க விட்டு, வளர்ந்ததும் எடை போட்டு எடுத்துப்போகிற கம்பெனிக்கு முதலாளி. வளர்த்தவனுக்குக் கூலி அந்த எடைக்குத்தான். அவருடைய தராசெல்லாம் இந்தப் பட்டறையில் வாங்கியது. ஆளுயர ரோஜா மாலையை இரண்டு பேர் தூக்கிவர, பின்னால் வெறுங்கையோடு நடந்துவந்து, போடும்போது மட்டும் ஒரு விரலை அதில் வைத்தார்.

"சொக்கத்தங்கமுங்க. இப்படியொரு நேர்மையான மனுசன இனிப் பாக்க முடியாதுங்க" என்றார். இனிப் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதி குரலில் கொழகொழவென்று இருந்தது.

அரைமணி கழித்து ரவிதேஜா லாஸ்யாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். குழந்தைவேலு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப் மேசைமேல் திறந்திருந்தது.

"நீ பாத்துட்டேன்னு தெரியும். நேத்து உள்ள போயிருக்கறது எனக்குக் காட்டுச்சு" என்றான். "திங்கக்கெழமை எடையளவு ஆபீசருங்க வர்றாங்க. கூடவே சைபர் கிரைம். கோழிக்காரனுங்க ஆறேழு பேரு சேந்து புகார் குடுத்துப்போட்டானுங்க."

"திருடுனா குடுக்கத்தான் செய்வாங்க."

குழந்தைவேலுவுக்கு அந்தச் சொல் டீயில் விழுந்த ஈயைப் போல இருந்தது. "திருட்டுன்னு சொல்லாதீங்க அம்மணி. இது கழிவுங்க. எங்கப்பாரு காலத்துலயே உண்டு. கூடை ஈரம், கோழி எச்சம், வழியில சாவறது, எல்லாத்துக்குஞ் சேத்து எடைல கொஞ்சம் தள்ளிக்கறது. ஊரறிஞ்ச வழக்கம்."

"ஊரறிஞ்சதுன்னா வாயில சொல்லியே தள்ளிக்கலாமுங்களே. எதுக்கு மெஷினுக்குள்ள ஒளிச்சு வெக்கணும்?"

"சொன்னா பேரம் பேசுவானுங்க" என்றார் குழந்தைவேலு, உண்மையான வருத்தத்தோடு.

ரவிதேஜா குரலைத் தாழ்த்தினான். "இத பாரு லாஸ்யா. அந்த வரிகள்ல என் பேரு இருக்குது. அதை நைனா பேருக்கு மாத்திக்குடு. உனக்கு ரெண்டு நிமிச வேலை."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் வெட்கப்படுகிறானா என்று தேடினாள். ஷேவ் செய்யாத தாடி இருந்தது, வேறொன்றும் இல்லை.

"நைனாவுக்கு மௌஸ் புடிக்கத் தெரியாது."

"அது ஆபீசருக்குத் தெரியுமா?"

"வக்கீலக் கேட்டுட்டனுங்க" என்றார் குழந்தைவேலு. "செத்தவங்க மேல கேஸ் நடத்த மாட்டாங்களாமா. ஃபைல அத்தோட மூடிருவாங்களாம். அவருக்கு ஒரு நட்டமுமில்ல பாருங்க. அவரு புண்ணியவான், போறப்பவும் ஒருத்தரக் காப்பாத்திட்டுப் போறாரு."

"நான் செய்யமாட்டேன்" என்று லாஸ்யா எழுந்தாள்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ராமாமணி அன்று அதுவரை அழவில்லை. இப்போதும் அழவில்லை, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, போனவரு போயிட்டாரு. இருக்கறது இவன் ஒருத்தன். இவன் செயிலுக்குப் போனா நான் யாரப் பாக்க, எங்க போவேன்?"

"நைனாவைக் களவாணின்னு எழுதச் சொல்றாங்கம்மா."

"நீ எழுத வேண்டாம். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சாமி. ஒண்ணும் சொல்லவும் வேண்டாம். அவனே பண்ணிக்குவான். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும். எனக்காவ."

நாற்பது வருஷம் பேரக்காரரோடு குடித்தனம் செய்தவள். எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. லாஸ்யா தலையை மட்டும் ஆட்டினாள்.

ரவிதேஜாவுக்கு அதை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. டெக்னாலஜி டைரக்டர் யூட்யூபைத் திறந்தார். சத்தத்தைக் குறைக்க மறந்ததால் முதலில் பல்பொடி விளம்பரம் பட்டறை முழுக்கக் கேட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு மூச்சு நிறுத்தி, விளம்பரம் முடிந்ததும் விட்ட இடத்தில் தொடங்கினார். பிறகு ஏதோ ஒரு வடநாட்டுப் பையன் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, இவன் நிறுத்தி நிறுத்தித் தட்டினான். பக்கத்து அறையில் அப்பா கட்டப்பட்ட கால்விரல்களோடு படுத்திருக்க, அவர் பெயரை எழுத்துக்கூட்டினான். முதல் தடவை தப்பாக அடித்து அழித்தான்.

லாஸ்யா கதவோரம் நின்று பார்த்தாள். திரையில் அந்தப் பகுதி வந்தது. 'கழிவு.' அதற்கு மேலே அந்தத் தெலுங்கு வரி. அவன் கண் அதைத் தாண்டிப் பெயர் இருந்த இடத்துக்கே போனது.

"ஒருக்காப் படிச்சுப் பாத்துட்டு மாத்து" என்றாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கில் அவ்வளவு மீறலாம் என்று பட்டது.

"எனக்கே சொல்லித்தர்றியா? நான் எழுதுன வரி எனக்குத் தெரியாதா?" என்று அவன் திரும்பாமலே சொன்னான்.

அவள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. சரக்கை மூட்டை பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவனைக் கண்டால் நைனாவும் இப்படித்தான் பேசாமல் இருப்பார்.

ஒரு தட்டுத் தட்டினான். முடிந்தது. இப்போது அந்த வரிகள் எல்லாம் சீனிவாசலு எழுதியவை. தராசு எடையைக் குறைக்கும்படி சீனிவாசலு எழுதியிருந்தார். இது நைனாவுக்குத் தெரியக்கூடாது என்றும் சீனிவாசலுவே எழுதிவைத்திருந்தார்.

"ஆச்சுங்களா?" என்றார் குழந்தைவேலு.

"ஆச்சுங்க" என்று லேப்டாப்பை மூடினான். குழந்தைவேலு தம்ளரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு துக்கத்துக்குத் திரும்பினார்.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. பெட்டியைத் திறப்பதற்காக மேலிருந்த மாலைகளையும் வாரித் தட்டில் போட்டார்கள். கடைசியாகக் குழந்தைவேலுவின் ரோஜா மாலையை இரண்டு பேர் சேர்ந்து போட்டபோது தராசு பத்தொன்பது கிலோ எண்ணூறு காட்டியது.

அப்போதுதான் வாசலில் ஒருவர் டூவீலரை நிறுத்திவிட்டுத் தயங்கி வந்தார். சட்டையில் தீவன வாடை. கையில் இலையில் சுற்றிய செவ்வந்தி மாலை. முன்னால் நின்ற குழந்தைவேலுவைக் கண்டதும் ஒருகணம் நின்றார். குழந்தைவேலு உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எதிர்முனையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சின்னானுங்க அம்மணி. பல்லடம்" என்றார் லாஸ்யாவிடம். "நேத்து அய்யன் எங்க கொட்டாய்க்குத்தான் வந்திருந்தாருங்க. இந்தத் தராச நாந்தான் வண்டில ஏத்திவுட்டனுங்க. 'இது என்ன கூத்துன்னு பாத்துட்டு நாளைக்கு வந்து சொல்றேன் சின்னான்'னு சொல்லிட்டு வந்தாருங்க. சொல்லுவாருன்னுதானுங்க உக்காந்திருந்தேன்."

அம்மாவின் விரல்கள் மறுபடியும் லாஸ்யாவின் மணிக்கட்டுக்கு வந்திருந்தன.

சின்னான் பெட்டிப் பக்கம் நகர்ந்தார். "பொட்டியத் தொறந்தாச்சுங்கோ, மாலைய அங்க போட்டுருங்க" என்று யாரோ தட்டைக் காட்டினார்கள். அவர் குனிந்து, ரோஜாக் குவியலுக்கு மேலே செவ்வந்தியை வைத்தார்.

பத்தொன்பது கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு.

சின்னான் நிமிரவில்லை. மாலையை மெல்ல எடுத்தார். பத்தொன்பது எண்ணூறு. வைத்தார். பத்தொன்பது ஐந்நூற்றுத் தொண்ணூறு. பிறகு தலையைத் தூக்கிக் குழந்தைவேலுவைப் பார்த்தார். குழந்தைவேலு போனில், "ஆமாங்க, ஆமாங்க" என்றார். ரவிதேஜா கொள்ளிச்சட்டியில் புகை சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தூக்க வந்தவர்களும் தெருக்காரர்களும் வாசலை அடைத்து நின்றார்கள்.

லாஸ்யா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு முன்னால் போனாள். குனிந்து, தராசின் எண்கள் எரியும் பெட்டியை அதன் கம்பத்தோடு வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

சின்னான் மறுபடியும் மாலையை எடுத்தார்.