நாரை நின்ற இடம்

பறவையை அறிந்தவனே பூமியின் மனசாட்சியை அறிந்தவன் என்பார் என் மனைவியின் அண்ணன். அவர் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய பறவைகள் ஏழு. அவற்றில் இரண்டு கோழி.

இந்தச் சதுப்புநில ஓரத்து மனைக்குத் தண்ணீரே வராது என்று அடித்துச் சொன்னவரும் அவர்தான். நம்பி வீடு கட்டினோம்.

அன்று இங்கே மழை இல்லை. மேலே ஏரியைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். காலையில் ஒரு நாரை தொலைவில் கோரைக்கு நடுவே நின்றது. மதியம் வேலியோரம். மூன்று மணிக்கு, சந்தில் நின்ற மச்சானின் கார்ச் சக்கரத்தருகே. அசையவில்லை. கழுத்தை மடித்து, தண்ணீரையே பார்த்தபடி.

"மனுஷங்களோட பழகுது, மாப்ள. அபூர்வம்" என்றார் மச்சான், ஜன்னலில் கேமராவோடு. "சாம்பல் நாரையா, செந்நாரையான்னுதான் பிடிபடல."

"அண்ணா, அது முழங்கால் தண்ணியிலதான் நிக்கும். ஆழமானா கரைப் பக்கம் நகரும்" என்றாள் மனைவி. "இப்ப உன் கார்கிட்ட நிக்குது. அத்தையை ஏத்தணும், சாவியைக் குடு."

இடுப்பெலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தாள் என் அம்மா. சந்து மூழ்கினால் வெளியே போக வேறு வழி கிடையாது.

"இன்ஜின் சத்தத்துக்குப் பறந்துடும்மா. பத்து நிமிஷம்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தக் கொக்குக்குப் பேரு வெச்சு முடிஞ்சதும் என்னையும் தூக்கச் சொல்லு."

பத்து நிமிடம் நாற்பதானது. மனைவி அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து, தண்ணீரில் இறங்கிப் போய்த் திருப்பினாள். கார் இரண்டு முறை இருமி அடங்கியது. நாரை நாலடி தள்ளி நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

அம்மாவை நாற்காலியில் வைத்துக் கட்டி, நானும் மனைவியும் பக்கத்து வீட்டு டிரைவரும் தூக்கினோம். தொடையளவு தண்ணீர். சந்து எங்கே முடிகிறது, சதுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுற்றுச்சுவர்களைத் தடவியபடியே நடந்தோம். மச்சான் கேமராவைத் தலைக்கு மேல் பிடித்தபடி முன்னால் போய்விட்டார்.

மெயின் ரோட்டு மேட்டில் ஒரு டிராக்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். நாரை எங்கள் வாசற்படியில் நின்றது.

டிராக்டரில் ஒருவருக்குத்தான் இடம் மிச்சம் இருந்ததாம். அதில் மச்சான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.