மூலைக்கு அந்தப் பக்கம் சுண்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஓர் அம்மாவும் மகளும். அம்மா ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டே வந்தார். "அந்த லாரிக்கு எத்தன சக்கரம், எண்ணு பாப்போம்." "அந்தப் பாலம் ஏன் வளைஞ்சிருக்கு, சொல்லு." மகள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தூக்கம் வருதா?"

"இல்லம்மா. பாக்காம இருக்கேன்."

அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். பார்க்காமல் இருப்பதற்கு ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று யோசித்ததில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"சுண்டுவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஊரே பள்ளிக்கூடம்." (விளம்பரப் பலகை மாதிரி இருக்கிறது.)

"சுண்டுவின் அம்மா நல்லவர்தான், ஆனால்" (இந்த 'ஆனால்' வந்துவிட்டால் அவரை வில்லியாக்காமல் விடமாட்டேன்.)

"கல்வி என்பது" (நல்லவேளை, இதோடு நிறுத்தினேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். சுண்டுவுக்கு ஒன்பது வயது. சுண்டெலி போல எங்கும் மூக்கை நுழைக்கிறாள் என்று அப்பா வைத்த பெயர் அது. அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துப் பொருத்தும் வேலையில் இருந்தவர். சுண்டு பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டாலும் "பாடத்துல இருக்கறத மட்டும் கேளு" என்றே பதில் வந்தது. அம்மா வேலையை விட்டுவிட்டு மகளைத் தானே படிக்க வைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து வெளியே போவதுதான் வகுப்பு. கடைக்குப் போனால் எடைக் கணக்கு. அப்பாவோடு வேலைக்குப் போனால், குளிர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரம் ஓடும். பல்வலி என்று அழுதபோதுகூட, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்த நேரத்தில், வெட்டுப்பல் எது, கோரைப்பல் எது என்று கேட்டுப் பிள்ளையைச் சிரிக்க வைத்தார் அம்மா. நான் பரிகாசம் செய்யவில்லை. சுண்டு நிறையக் கற்றுக்கொண்டாள், சந்தோஷமாகவும் கற்றுக்கொண்டாள். நத்தை வரும்வரை.

3

நத்தை குழாயடிச் சுவரில் இருந்தது. சுண்டு குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மறுநாள் நூலகத்திலிருந்து கை கொள்ளாத புத்தகங்கள், ஒரு கண்ணாடி ஜாடி, வேகத்தை அளக்க ஒரு ஸ்கேல். அடுத்த நாள் நத்தையை வரைந்தாயிற்று. அதற்கும் அடுத்த நாள் சுண்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் நத்தையைப் பழைய சுவரிலேயே விட்டுவிட்டாள்.

"ஏன்டா கண்ணு?"

"அதுக்கு அலுத்துப்போச்சும்மா."

[இந்த இடத்தில் நத்தையின் நாக்கிலுள்ள பற்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். தேடிப் படித்தது வீணாகக் கூடாதே என்ற ஆசைதான். பிறகு வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.]

நத்தைக்குப் பிறகு பூட்டு. பூட்டுக்குப் பிறகு நிழல். அம்மா கண்ணில் பட்ட கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றும் சுண்டுவுக்குக் கசந்துபோனது. கடைசியில் எதிலுமே ஆசை இல்லாதவள் போலாகிவிட்டாள். என்ன பிடிக்கும் என்றால் "தெரியல." எதைப் பார்க்கிறாய் என்றால் "சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாம்மா."

4

இது அப்பா பேச வேண்டிய இடம். இவரை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. "ஒழுங்கா பள்ளிக்கூடத்துல போடு" என்று கத்துகிற ஆளாக எழுதியிருந்தேன். கத்துகிற அப்பா கதைக்கு வசதி. ஆனால் நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சமையலறைத் தரையில் படுத்து, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் இவர் பிழைப்பு. இவர் எதற்குக் கத்தப்போகிறார்? திருத்தினேன். கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்:

"பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா பாடம் முடிஞ்சிரும். நம்ம வீட்ல மணியே இல்லையேம்மா."

"அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்புங்கறீங்களா?"

"தப்புன்னு யாரு சொன்னா? இப்ப சேத்துக்கறாங்களாம். போட்டுப் பாப்பமான்னுதான் கேக்கறேன். நீயே யோசிச்சுச் சொல்லு."

பள்ளிக்கூடம் என்றதுகூட அம்மாவுக்கு வலிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை கடைவீதிக்குப் போகும்போது, சுண்டு கடை வரிசை முடிகிற மூலையைத் திரும்பி எங்கோ போய்விட்டு முகம் மலர்ந்து வருகிறாள். கேட்டால் சும்மா. பெற்ற பிள்ளை தன் சந்தோஷத்தைத் தன்னிடமே ஒளிக்கிறது என்பதுதான் வலித்தது.

5

அந்த மூலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? எழுதுகிறவனுக்குத் தெரியாமல் போகுமா என்பீர்கள்.

முதலில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவரை உட்கார வைத்தேன். உடனே இது காலத்தைப் பற்றிய கதையாகிவிட்டது. அவரை எழுப்பிவிட்டு* மீன் தொட்டிக் கடை வைத்தேன். கண்ணாடிக்குள் மீன், வீட்டுக்குள் சுண்டு. எனக்கே சகிக்கவில்லை. சலவைக் கடை வைத்தேன். சுற்றுகிற துணிகளைப் பார்த்து சுண்டு வாழ்க்கையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை!

எதை வைத்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் கட்டிவிடுகிறேன். அம்மா பாடமாக்குகிறார், நான் குறியீடாக்குகிறேன். இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதனால் மூன்றையும் கிழித்துப் போட்டேன். அதன் பிறகு ஒன்று தானாகவே வந்து அங்கே நிற்கிறது. அது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை.

* கடிகாரக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வேறு கதையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

6

கடைவீதி. சாவிக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்ச். அதன் ஒரு முனையில் யாரோ ஒருவர் செய்தித்தாளோடு இருந்தார். மறுமுனையில் அம்மா ஒரு கோப்பை டீயோடு உட்கார்ந்தார். சுண்டுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அங்க என்னடா இருக்கு?"

"சும்மா."

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதா?"

சுண்டு செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "சொன்னா நீ அதுக்கு புக் எடுத்துட்டு வந்துருவ."

(இங்கே "அம்மாவின் இதயம்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினேன்)

டீ சூடாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அம்மா காட்டிக்கொண்டார். அழுதார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:

"பள்ளிக்கூடம் போறியா சுண்டு? நெஜமாத்தான் கேக்கறேன்."

சுண்டு யோசித்தாள். "அங்க மணி அடிச்சா விட்டுருவாங்களா?"

"விட்டுருவாங்க."

"அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நீயும் மணி அடிம்மா."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். சாவிக் கடைக்காரர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு, வாயாலேயே, "டிங்... டிங்... டிங்..." என்றார். செய்தித்தாள்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சுண்டு ஓடியே போய்விட்டாள்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்றில், அம்மா பூனை மாதிரி பின்னாலேயே போய் எட்டிப் பார்க்கிறார், எல்லாம் புரிகிறது, கண்ணீர். வாசகர்களுக்குப் பிடிக்கும். அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்றில் சுண்டு பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். இது நடந்தாலும் நடக்கலாம். அப்பா இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

நான் வைத்துக்கொண்டது இது: அம்மா எழுந்தார். மூலைவரை போய்விட்டார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். சுண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"என்ன..." என்று தொடங்கினார் அம்மா. சுண்டுவின் முகம் சுருங்கியது.

"என்ன, போலாமா?"

நிறுத்தம்வரை ஒரு கேள்வி இல்லை. சோதனைபோல வழியில் ஒரு லாரி வேறு நின்றது. பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தார். சுண்டு லாரியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"பத்து சக்கரம்மா," என்றாள்.

பேருந்து வரும்போது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரம் நீயும் வரியா? மணி அடிச்சப்புறம். ஆனா ஒண்ணும் பேசக் கூடாது."

"பேசல," என்றார் அம்மா.

8

அடுத்த வாரம் வந்துவிட்டது. மணி அடித்தாயிற்று. இருவரும் கைகோத்து மூலையைத் திரும்புகிறார்கள். செய்தித்தாளோடு இருந்த ஆள் நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா தன் டீயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெஞ்சில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் போய்ப் பாருங்கள், மூலை ஒன்றும் தூரமில்லை. திரும்பி வரும்போது என்ன பார்த்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.